"எனக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?": அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவுசார் குறைபாடு உள்ள, வளர்ந்த மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு, தீராத நோயோடு நாட்களைக் கழிக்கும் அப்பா அம்மாக்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, வக்கீலும் இல்லை. அப்படி ஒரு அண்ணனுக்குத் தங்கை. அம்மா புற்றுநோயில் இறந்தபோது அண்ணனுக்கு 41 வயது. அம்மா செய்து வைத்துவிட்டுப் போன சில காரியங்கள் இன்றுவரை எங்களைத் தாங்குகின்றன. நாங்கள் செய்த பெரிய தப்பு ஒன்றும் உண்டு, அது இரண்டாவது கேள்வியில் வரும். வசதிக்காக 'அவன்' என்றே எழுதிப் போகிறேன், மகளுக்கும் இதேதான். இன்னொன்று: 40 வயது ஆளை 'குழந்தை' என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. இங்கே எங்கும் அப்படி எழுதவில்லை.

எனக்கு ஒரு நாள் முன்னாடி அவன் போய்விட்டால் நிம்மதி என்று நினைக்கிறேன். நான் கெட்டவளா?

இல்லை. இதை வாய்விட்டுச் சொன்னவர்கள் கொஞ்சம் பேர், மனசுக்குள் சொல்லிக்கொண்டவர்கள் ஏராளம். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து என் அம்மாவும் ஒரு ராத்திரி இருட்டில் இதையே முணுமுணுத்தாள். எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. அவனை வேறு யார் கையிலும் ஒப்படைக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

ஒரு விதத்தில் இந்தக் கவலையே புதுசு. அறிவுசார் குறைபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணமான, பிறவியிலேயே வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் 1983-இல் அமெரிக்காவில் 25 வயது, இப்போது 60 பக்கம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் பெற்றோர் கண் முன்னாலேயே பிள்ளை போய்விடும். மருத்துவம் அதை மாற்றியது. உங்களுக்குப் பிறகும் அவன் 20, 30 வருடம் இருப்பான் என்று வைத்துக்கொண்டே யோசியுங்கள்.

ஆனால் ஒன்று. அவன் முதலில் போகட்டும் என்ற அந்த நினைப்பு 'எப்படி, எப்போது' என்று திட்டம் போடும் அளவுக்குப் போனால் அன்றைக்கே உங்கள் டாக்டரிடமோ நர்ஸிடமோ சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்கள் இதை முதல் தடவை கேட்கப்போவதில்லை.

நான் சாகப்போகிறேன் என்று அவனிடம் சொல்லலாமா? தாங்க மாட்டானே?

சொல்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அம்மா எங்களிடம் 'அவன்கிட்ட சொல்லிடுங்க' என்று இரண்டு தரம் சொன்னாள். நாங்கள் தள்ளிப்போட்டோம். கடைசி வாரம் அவன் பார்த்துப் பயந்துவிடுவான் என்று சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். திரும்பி வந்தபோது அம்மாவும் இல்லை, அம்மா படுத்திருந்த கட்டிலும் இல்லை. 'ஊருக்குப் போயிருக்காங்க' என்றோம். நான்கு மாதம், தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அம்மாவின் செருப்பை எடுத்துக்கொண்டு போய் வாசல் கேட் பக்கத்தில், பாதம் உள்ளே வர வசதியாகத் திருப்பி வைப்பான். ஏழு மணிக்குத் திரும்ப எடுத்துவந்து அலமாரிக்கு அடியில் வைப்பான். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காததால் அவனுக்கு ஒன்றும் இல்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

சித்தி வீட்டுக்கு அவன் அதற்குப் பிறகு இன்றுவரை போகவில்லை. அங்கே போனால் வீட்டில் ஒருவர் காணாமல் போய்விடுவார் என்று அவனுடைய கணக்கு. நாங்கள் கொடுத்த தகவலை வைத்துப் பார்த்தால் அது சரியான கணக்குதான்.

வீட்டில் ஏதோ நடக்கிறது என்பது அவனுக்கு எப்படியும் தெரியும். நீங்கள் இளைக்கிறீர்கள், வாசனை மாறுகிறது, கதவுக்குப் பின்னால் ஆட்கள் குசுகுசுக்கிறார்கள். சொல்லாமல் விட்டால் அவனாகவே ஒரு காரணம் கண்டுபிடிப்பான். அது பெரும்பாலும் 'நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்' என்பதாக இருக்கும்.

சரி, எப்படிச் சொல்வது? அவனுக்கு 'அடுத்த வருஷம்' என்பதே புரியாது.

இங்கிலாந்தில் ஐரீன் டஃப்ரி-வைன் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். தீராத நோயாளிகளின் வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பிரிவில் நர்ஸாக இருந்தவர், இந்த ஒரு விஷயத்தையே வருடக்கணக்காக ஆராய்ந்தவர். அவர் சொல்வதன் சாரம் இது: கெட்ட செய்தியை ஒரே நாளில் உட்கார வைத்துச் சொல்லி முடிக்க வேண்டாம். சின்னச் சின்னத் துண்டாக்கி, அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

அதனால் எதிர்காலத்தில் தொடங்காதீர்கள், இன்றைக்கு அவன் கண்ணால் பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். 'அம்மாவால இப்ப மாடிப்படி ஏற முடியல.' சில நாள் கழித்து, 'டாக்டர் மருந்து கொடுத்தார், ஆனா இந்த நோய் போகாது.' அப்புறம், 'இந்த நோயால அம்மா செத்துப்போயிடுவேன்.' ஒவ்வொன்றுக்கும் நடுவில் அவனைக் கேள்வி கேட்க விடுங்கள். கேட்காவிட்டாலும் அவசரப்படுத்தாதீர்கள்.

சொல்லில் கவனம் வேண்டும். நம் மொழியில் சாவுக்குச் சுற்றிவளைத்த பேச்சு அதிகம். 'தவறிட்டாங்க' என்றால் யாரோ தப்பு செய்த மாதிரி அவன் காதில் விழும். 'போய்ச் சேர்ந்துட்டாங்க' என்றால் எங்கே, எந்த பஸ்ஸில் என்று கேட்பான். 'தூங்கறாங்க' மோசத்திலும் மோசம், அப்புறம் அவன் தூங்கப் பயப்படுவான். 'செத்துப்போவது' என்ற சொல் நமக்குத்தான் கரடுமுரடாக இருக்கிறது. அவனுக்கு அது தெளிவாக இருக்கும்.

அவன் மனசில் பதிய வேண்டியவை: செத்தால் உடம்பு இயங்காது, வலிக்காது, பசிக்காது, திரும்பி வர முடியாது, எல்லோருக்கும் ஒரு நாள் நடக்கும். கூடவே, 'இது உன்னால வந்ததில்ல.' இதைப் பல தரம் சொல்லுங்கள். செடி பட்டுப்போனதையோ செத்த குருவியையோ பார்த்த நாள் இருந்தால் அதை நினைவுபடுத்துங்கள்.

சொல்லியாகிவிட்டது. மறுநாளே திரும்பவும் கேட்கிறான்.

திரும்பவும் அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். 20 தரம் கேட்டால் 20 தரம். வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது முக்கியம். பாட்டி ஒன்று, மாமா ஒன்று என்று சொன்னால் அவன் எதைப் பிடித்துக்கொள்வான்?

என் மகள் இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். அப்புறம் என்ன கவலை?

அவளைக் கேட்டீர்களா?

கோபத்தில் கேட்கவில்லை, நான் அந்த மகள் என்பதால் கேட்கிறேன். பல வீடுகளில் இது பேசப்படாமலேயே முடிவாகிவிடும். அவளுக்கும் தெரியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவளோ எட்டு வயதிலிருந்தே அதைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். 'மாட்டேன்' என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில் 'சரி' என்பதற்கு மதிப்பு கிடையாது. சாகும் தறுவாயில் கையைப் பிடித்து 'இவனை எந்த ஹோமிலும் விட மாட்டேன்னு சத்தியம் பண்ணு' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து அவளுக்கு முதுகு போய், அவனைத் தூக்க முடியாத நாளில், அந்தச் சத்தியம் இரண்டு பேரையும் சேர்த்து அழுத்தும்.

'உன்னால் எது முடியும், எது முடியாது?' என்று கேளுங்கள். என் அம்மா அப்படித்தான் கேட்டாள். நான் சொன்னேன்: 'என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது அம்மா. ஆனால் அவன் கையெழுத்துப் போடும் ஒவ்வொரு காகிதத்தையும் முதலில் நான் படிப்பேன். வாரம் ஒரு நாள் அவனோடு இருப்பேன்.' அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு நோட்டுப்புத்தகத்தை எடுத்து வந்து, முதல் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, 'அப்போ மீதியை யார் யாருக்குப் பிரிக்கலாம்?' என்றாள்.

பிரிப்பதுதான் வழி. ஒரு தாய் தனியாகச் செய்ததை இன்னொரு தனி ஆளிடம் மாற்றிவிட்டால், அந்த ஆள் விழும் நாளில் எல்லாம் விழும். கனடாவில் வான்கூவர் நகரத்தில் 1989-இல் இதே கவலையில் இருந்த பெற்றோர் சிலர் சேர்ந்து 'பிளான்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் முக்கியமாகச் செய்தது, ஒவ்வொரு பிள்ளையைச் சுற்றியும் நாலைந்து பேரை வேண்டுமென்றே சேர்த்து வைத்தது. சம்பளம் வாங்குபவர்கள் வேலை மாறிப் போய்விடுவார்கள், அவனைப் பிடித்துப்போய் வருகிறவர்கள் தங்குவார்கள் என்பது அவர்களுடைய எண்ணம். உங்களுக்கும் அதே. பணத்தைப் பார்க்க ஒருவர், மருத்துவத்துக்கு ஒருவர், சும்மா நடக்கக் கூட்டிப்போக ஒருவர். கடைசி ஆளைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டில் அந்த ஆள் அண்ணனோடு கேரம் ஆட வரும் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர். அண்ணனுக்கு ஜுரம் என்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். ஆட்டத்தில் தோற்றும் சண்டை போடவில்லை என்றால் உடம்பு சரியில்லை.

என்னவெல்லாம் எழுதி வைக்க வேண்டும்?

மருந்தின் பெயர், அளவு, நேரம், ஒவ்வாமை, வலிப்பு உண்டா, விழுங்குவதில் சிரமம் உண்டா, எந்த டாக்டர்: இவை கட்டாயம். இதையெல்லாம் யாராவது உங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். யாரும் கேட்காதது, உங்கள் கைக்கும் கண்ணுக்கும் மட்டும் தெரிந்தது. அதுதான் உங்களோடு போய்விடும்.

அம்மாவின் நோட்டிலிருந்து சில வரிகள்:

'தலைவலின்னு சொல்ல மாட்டான். இடது காதை மடக்கிப் பிடிச்சுப்பான்.'

'ஊசி போடும்போது எண்ணச் சொல்லுங்க. ஏழு வரைக்கும்தான் தெரியும். ஏழுக்குள்ள முடிங்க.'

'சரி சரின்னு ரெண்டு தரம் சொன்னா புரியலைன்னு அர்த்தம். ஒரு தரம் சரின்னா புரிஞ்சிடுச்சு.'

மூன்றாவது வரியைப் படித்தபோது எனக்கு 36 வயது. அவனோடு அத்தனை வருடம் வாழ்ந்தும் எனக்கு அது தெரியாது.

வலியைக் காட்ட எல்லோருக்கும் பொதுவான சைகை கிடையாது. ஒருவன் கத்துவான், ஒருவன் வழக்கத்தைவிட அமைதியாகிவிடுவான், ஒருவன் சிரிப்பான். அதனால்தான் இங்கிலாந்து மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்கள் தங்களைப் பற்றிய குறிப்பேடு ஒன்றைக் கையோடு கொண்டுபோகிறார்கள். அதற்கு அங்கே 'மருத்துவமனை பாஸ்போர்ட்' என்று பெயர். அதே மாதிரி இரண்டு பக்கத்துக்குச் சுருக்கமாக ஒன்றைத் தயார்செய்து, ஐந்தாறு பிரதி எடுத்து வையுங்கள்.

யாரோடு அவனைத் தனியாக விடக்கூடாது என்பதையும் எழுதுங்கள். சொந்தக்காரர் என்றாலும் எழுதுங்கள். இவர்கள் மேல் கை வைப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்கள்தான். அந்த ஒரு பக்கத்தைத் தனி உறையில் போட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. வேறு ஒருவர் அந்த நோட்டை மட்டும் வைத்துக்கொண்டு காலை முதல் இரவு வரை அவனைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் அதே அறையில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருங்கள். எங்கெல்லாம் உங்களுக்கு எழுந்து போகத் தோன்றியதோ, அதெல்லாம் நோட்டில் விட்டுப்போனவை. எழுத முடியாத உடம்பு என்றால் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள், யாராவது எழுதிக்கொள்வார்கள்.

வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தால், நான் போன பிறகு போகட்டுமா?

முடிந்தால் இப்போதே தொடங்குங்கள். அம்மாவை இழப்பதும், தன் படுக்கையையும் தெருவையும் இழப்பதும் ஒரே வாரத்தில் நடந்தால் எவருக்கும் தாங்காது. முதலில் ஒரு பகல், அப்புறம் ஒரு இரவு, பிறகு இரண்டு இரவு. அவன் போய்விட்டுத் திரும்பி வரும்போது நீங்கள் வீட்டில் இருக்க வேண்டும். 'போனாலும் திரும்பலாம்' என்பதை அவன் அப்படித்தான் கற்றுக்கொள்வான்.

காப்பகம் பார்க்கப் போனால் சொல்லாமல் ஒரு தரம் போங்கள். பளபளப்பான தரையைப் பார்க்காதீர்கள், பணியாளர் ஒருவர் அறைக்குள் நுழையும்போது அங்கே இருப்பவர்கள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். பணியாளர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவனுக்கென்று ஒரு அலமாரி உண்டா, அறைக் கதவை அவன் சாத்திக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

சொத்தை அவன் பெயரில் எழுதலாமா?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதனால் இந்த விஷயம் தெரிந்த வக்கீலை ஒரு தடவையாவது பாருங்கள். பொதுவாகச் சில விஷயங்கள் சொல்லலாம். நேரடியாக அவன் பெயரில் எழுதினால் சில நாடுகளில் அரசு உதவி நின்றுபோகும். அதைத் தவிர்க்க அறக்கட்டளை (டிரஸ்ட்) மாதிரி, சொத்தை அவனுக்காக வேறொருவர் நிர்வகிக்கும் ஏற்பாடுகள் இருக்கின்றன. 'அக்கா பேருக்கு எழுதிட்டா அவ பார்த்துப்பா' என்று வாய்வார்த்தையில் விடுவது எனக்கு உடன்பாடில்லை. அக்கா நல்லவளாகவே இருக்கட்டும். அவளுக்குக் கடன் வரலாம், விவாகரத்து வரலாம், அவள் முதலில் போய்விடலாம். யாரை நியமித்தாலும் அவருக்கு அடுத்தது யார் என்பதையும் எழுதுங்கள்.

அவனுக்காக முடிவெடுக்கச் சட்டப்படி ஒருவரை வைப்பது, அதாவது காப்பாளர் நியமனம் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.நா. 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, சட்டத்தின் முன் அவனும் எல்லோரையும் போல ஒரு ஆள் என்கிறது. அவனுக்குப் பதிலாக முடிவெடுப்பதைக் குறைத்து, அவன் முடிவெடுக்கத் துணை நிற்க வேண்டும் என்பது அதன் போக்கு. என்ன சட்டை, யாரோடு வெளியே போவது, எத்தனை மணிக்குப் படுப்பது என்பதெல்லாம் அவனால் சொல்ல முடியும். அந்த அதிகாரத்தையும் சேர்த்து ஒருவர் கையில் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசி நாட்களில் அவன் என் பக்கத்தில் இருக்கலாமா?

அவன் விரும்பினால் இருக்கட்டும். குழாய், மூச்சுச் சத்தம், மஞ்சளான தோல் என்று என்ன பார்ப்பான் என்பதை முன்கூட்டியே யாராவது சொல்லிவிட வேண்டும். அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றுவது போதும். எழுந்து போக நினைத்தால் கூடப் போக ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். இறுதிச் சடங்குக்கும் இதே விதி. எங்கள் அண்ணனுக்கு இரண்டும் கிடைக்கவில்லை.

அவன் அழவே இல்லையாம். புரியவில்லையோ?

அழுகை மாதக்கணக்கில் தள்ளி வரலாம். அடம், தூக்கமின்மை, ஒரே பொருளைத் தூக்கிக்கொண்டு அலைவது என்று வேறு வடிவிலும் வரலாம். செருப்பு நினைவிருக்கிறதா? கென்னத் டோக்கா என்ற அமெரிக்க ஆய்வாளர், சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி 1989-இல் எழுதினார். அப்படி மறுக்கப்படுபவர்களில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களையும் அவர் சேர்த்திருந்தார். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் எல்லோரிடமும் கையைப் பிடித்துப் பேசிவிட்டு அவனைத் தாண்டிப் போவார்கள். வந்தவர்களிடம் 'அவன்கிட்டயும் பேசுங்க' என்று சொல்ல ஒரு ஆளை இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

அவனுக்கும் வயதாகிறதே?

டவுன் சிண்ட்ரோம் என்றால் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதல். அல்சைமர் நோயில் மூளையில் படியும் புரதத்துக்கான மரபணு அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. அதனால் மறதிநோய் அவர்களுக்குச் சீக்கிரம் வரும், 50-களிலேயே பலருக்குத் தெரியத் தொடங்கும். நீங்கள் போன பிறகு அவன் மந்தமானால் துக்கமா, மனச்சோர்வா, தைராய்டா, மறதிநோயா என்று பிரித்துப் பார்க்க வேண்டிவரும். 'இவங்க இப்படித்தான்' என்று டாக்டர்களே விட்டுவிடுவது உண்டு. அவன் இன்றைக்கு எப்படி நடக்கிறான், பேசுகிறான், சட்டைப் பொத்தான் போடுகிறான் என்று பத்து நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். முன்பு எப்படி இருந்தான் என்பதற்கு அது சாட்சி.

எனக்குச் சில நாட்கள்தான் இருக்கின்றன. எதை முதலில் செய்வது?

அவனிடம் சொல்லுங்கள். மருந்து விவரத்தையும் வலியை எப்படிக் காட்டுவான் என்பதையும் ஒருவரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். நாளை காலை அவன் கண் விழிக்கும்போது பக்கத்தில் யார் என்பதை முடிவு செய்யுங்கள். மற்றதை நாங்கள், மிச்சம் இருப்பவர்கள், தட்டுத்தடுமாறிச் செய்துகொள்வோம்.

என்னை மறந்துவிடுவானா?

நான்கு மாதம் கழித்து ஒரு வழியாக அண்ணனிடம் சொன்னோம். 'சரி சரி' என்றான். மறுநாளும் ஆறு மணிக்குச் செருப்போடு போனான். அதற்குப் பிறகு அவன் செருப்பை எடுக்கும் ஒவ்வொரு நாளும் நானோ தபால்காரரோ, யார் இருந்தோமோ அவர், அதே வாக்கியத்தைச் சொன்னோம். 'அம்மா செத்துப்போயிட்டாங்க. திரும்ப வர முடியாது.' அவனும் 'சரி சரி' என்பான், போவான், வைப்பான், எடுத்து வருவான்.

இப்போது அவனுக்கு 47. செருப்பு அலமாரிக்கு அடியில் இருக்கிறது. போன வருடம் ஒரு சாயங்காலம் அதை வெளியே எடுத்தான். கேட்டுக்குப் போகவில்லை. தூசியைத் தட்டி, திரும்ப உள்ளே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். வழக்கம்போலச் சொன்னேன்.

'சரி' என்றான். ஒரு தரம்தான்.